நான்காவது எலுமிச்சம்பழம்

ஒரு கார் எப்போது காராகிறது என்று திருவண்ணாமலையில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். தொழிற்சாலையில் பூட்டி முடித்தபோது அல்ல. ஷோரூமில் மாலை போட்டுச் சாவி கொடுத்தபோதும் அல்ல. ராஜகோபுரத்துக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து, அவற்றை நசுக்கிக்கொண்டு ஒரு முழம் முன்னால் உருண்டால்தான் அது கார். அதுவரை வெறும் இரும்பு. இந்த விஷயத்தில் ஊரில் ஒருத்தருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. காப்பீட்டுக் கம்பெனிக்கும் இல்லை என்பது சடையனுக்குக் கை போன பிறகுதான் தெரிந்தது.

சடையன் அடி அண்ணாமலைக்காரன். பத்தொன்பது வருடமாக அந்தப் பழத்தை வைக்கிறவன் அவன்தான். குருக்கள் வந்து சந்தனம் குங்குமம் தடவி, இரண்டு மந்திரம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். குனிந்து பழம் வைப்பது, சூடம் காட்டுவது, பூசணிக்காய் சுற்றி உடைப்பது எல்லாம் சடையன் பாடு. பழமும் பூவும் விற்பது அவன் மனைவி வெள்ளையம்மாள். முகூர்த்த நாளில் இருபது முப்பது வண்டி வரும். அத்தனை வண்டியின் அடியிலும் குனிந்து நிமிர்ந்து அவனுக்கு இடுப்பு போயிருந்தது. கைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை மண்டிக்காரர் சக்திவேல் தன் புதுக் காரோடு வந்தார். கியர் போட வேண்டாத கார். இத்தனை காலம் கிளட்ச் மிதித்த இடது காலுக்கு வேலை போய்விட்டதில் வலது காலுக்கும் குழப்பம். மூன்று சக்கரத்துக்குப் பழம் வைத்தாயிற்று. நான்காவதை முன்சக்கரத்தடியில் சடையன் தள்ளும்போது, அவர் பிரேக் என்று நினைத்து மற்றதை மிதித்தார். கார் சடையனின் வலது கை மேல் ஏறியது. "ஐயோ ஐயோ" என்று ஜனம் கத்தவே பதறிப்போய்ப் பின்னுக்கு எடுத்தார். ஏறியது ஒரு தடவை, அனுதாபப்பட்டுத் திரும்பி வந்தது ஒரு தடவை.

இந்த மாதிரி நேரத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வண்டியை அசைக்க விட மாட்டான். போட்டோ எடுக்கச் சொல்லுவான். நூற்றியெட்டுக்கும் போலீசுக்கும் போன் போடச் சொல்லி, நடுரோட்டில் படுத்துக்கொள்வான். சடையனுக்கு அந்தப் புத்தி வரவில்லை, தொழில்தான் வந்தது. துண்டைக் கையில் இறுக்கச் சுற்றிக்கொண்டு, "பூஜை பாதியில நின்னா வண்டிக்கு ஆவாது, நாலாவது பழத்த வை" என்று பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அழுதுகொண்டே, நசுங்கிப்போன மூன்றுக்கும் வேறு பழம் மாற்றி, நான்காவதையும் வைத்தாள். அவன் இடது கையால் சூடம் காட்டினான். சக்திவேலின் மகள் கவியா, ஸ்டேட்டஸ் போட எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தவள், பழக்கதோஷத்தில் "அண்ணா, கொஞ்சம் சிரிங்க" என்றாள். சடையனும் பழக்கதோஷத்தில் சிரித்தான். கார் நான்கு பழத்தையும் நசுக்கிக்கொண்டு முறைப்படி பிறந்தது. சக்திவேல் நீட்டிய ஐநூற்றியொரு ரூபாய் தட்சணையை இடது கையால் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே சடையன் ஆட்டோ ஏறினான்.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். கார் என்று சொன்னால் வண்டி ஸ்டேஷனுக்குப் போகும். முதல் நாளே ஸ்டேஷன் வாசலை மிதித்த வண்டி உருப்படாது. பூஜை போட்டவனே அந்தப் பாவத்தைச் செய்யலாமா? "எலுமிச்சம்பழம் வெக்கும்போது சார்" என்றான் சடையன். டாக்டர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதினார்: எலுமிச்சம்பழத்தால் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் காயம்.

எலும்பைச் சேர்த்துக் கம்பி வைத்துக் கட்டினார்கள். கட்டுப் பிரித்தபோது நான்கு விரலும் பாதி மடங்கி அப்படியே நின்றன. வேலூரில் கைக்கென்றே இருக்கிற ஒரு நிபுணர் பார்த்தார். "நரம்பும் தசைநாரும் ஒட்டிக்கிச்சி. இன்னொரு ஆபரேஷன் பண்ணா விரல் மடங்கும், நீளும். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள வந்துடணும். அதுக்கு மேல போனா என்னால மட்டும் இல்ல, யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதற்கு ஆகும் தொகையை அவர் சொன்னபோது வெள்ளையம்மாள் மறுபடி ஒரு தரம் கேட்டாள். அவ்வளவு பணம் அவர்கள் வீட்டில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. சக்திவேல் அந்தப் பக்கமே வரவில்லை. "அதுக்குதான இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கேன்" என்று போனில் சொன்னார். நியாயமான பேச்சுதான் என்று இருவரும் நம்பினார்கள்.

முதலில் ஸ்டேஷன். ஏட்டு பதிவேட்டின் நகலை இரண்டு தரம் படித்தார். "கார் மோதனா கார் கேஸ். பழம் மோதனா அது இன்னா கேஸும்மா?" என்றார். ஒன்பது நாள் அலைந்த பின் எஃப்.ஐ.ஆர். போட்டு, சம்பவ இடத்தைப் பார்வையிட வந்தார். சம்பவத்துக்குப் பிறகு அதற்குள் அங்கே நூற்றுக்குமேல் கார் பிறந்திருந்தது. தெரு முழுக்க நசுங்கிய பழம். ஏட்டு அவற்றில் பார்வைக்கு நல்லதாக மூன்றைப் பொறுக்கிப் பையில் போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கினார். "நாலு இல்லீங்களா?" என்று கேட்டாள் வெள்ளையம்மாள். "சம்பவம் நடந்தப்ப மூணுதான வெச்சிருந்தாரு? கேஸ கெடுக்காதம்மா" என்றார்.

வக்கீல் அருள்ராஜ் நல்ல மனிதர். ஏமாற்றத் தெரியாதவர் என்பதால் பெரிதாகக் கட்சிக்காரர்களும் இல்லை. அவர் போட்ட முதல் சட்டம் இது: "அண்ணே, இனிமே நீங்க தேறக் கூடாது."

"இன்னா சார் சொல்றீங்க?"

"இடது கையால எதுவும் பழகிடாதீங்க. நீங்க ஒண்ணு பழகனா கம்பெனிக்காரன் ஒரு பர்சன்ட் கம்மி பண்ணுவான். ஊனம் எவ்ளோ ஜாஸ்தியோ அவ்ளோ நஷ்டஈடு. சட்ட பட்டன்கூட அக்காதான் போடணும்."

அன்றிலிருந்து சடையன் குழந்தையானான். வெள்ளையம்மாள் ஊட்டினாள், பல் விளக்கிவிட்டாள், வேட்டி கட்டிவிட்டாள். நாற்பத்தொன்பது வயதில் யாருக்கும் கிடைக்காத சுகம் என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்தார்கள். அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இனி கம்பெனி. நற்றுணை பொதுக் காப்பீட்டு நிறுவனம் என்று பெயர். பெயர் வைத்தவனைக் கோயிலில் வைத்துக் கும்பிட வேண்டும். காயம்பட்டவர்களுக்கான பிரிவு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. கால் ஒடிந்தவன் ஏறி வந்துவிட்டால் கால் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். ஏறி வர முடியாவிட்டால் ஆஜராகவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். அதற்கென்றே படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒரு நோட்டு இருந்தது.

மேலாளர் பிரகாஷ் நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார். டீயைச் சடையன் எந்தக் கையால் எடுக்கிறான் என்று பார்த்தார். வெள்ளையம்மாள் எடுத்து வாயில் வைத்தாள். பிரகாஷ் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"எங்கள தப்பா நெனைக்காதீங்க. குடுக்கக் கூடாதுன்னு நாங்க நெனைக்கறதே இல்ல. குடுக்க வழியில்லாத மாதிரி பாலிசி எழுதி வெச்சிருக்கோம், அவ்ளோதான். அதுவும் நாங்க எழுதல, தலைமை அலுவலகம் எழுதனது. நான் படிச்சதுகூட இல்ல. நற்றுணைன்னு பேரு. துணையா கூட நிப்போம். தூக்கி விடறது வேற டிபார்ட்மென்ட்டு."

"கை போயிடுச்சிங்க சார். ஒரு வருசத்துக்குள்ள ஆபரேசன் பண்ணணும்னு டாக்டர் சொல்றாரு" என்றான் சடையன்.

"கரெக்ட். உங்க அவசரம் எங்களுக்குப் புரியுது. அதனாலதான் பொறுமையா பாக்கறோம்." அவர் கோப்பைத் திறந்தார். "மூணாவது மனுசனுக்கு அடிபட்டாதான் நாங்க பொறுப்பு. நீங்க மூணாவது மனுசனா? பூஜை எதுக்குப் போடறாங்க? வண்டி பத்திரமா ஓடறதுக்கு. அப்ப அது பராமரிப்பு வேல. மெக்கானிக்கு வண்டியடியில படுத்து அடிபட்டா அவன் வழிப்போக்கனா? சரி, அத விடுங்க. மூணு பழம் வெக்கற வரைக்கும் வண்டி ஆடல, அசையல. நாலாவது பழம் வெக்கலன்னதும் நவுந்துடுச்சி. அப்ப யாரோட அலட்சியம்? சீக்கிரம் வெச்சிருக்கலாம் இல்ல?"

சடையனுக்குப் பத்தொன்பது வருடத் தொழிலில் முதல்தடவையாகத் தன் வேகத்தின் மேல் சந்தேகம் வந்தது. பிரகாஷ் குரலைத் தாழ்த்தினார்.

"பெரிய விஷயம் ஒண்ணு இருக்குது. பூஜை முடியாத வண்டி வண்டியே இல்லன்னு நீங்கதான ஊரெல்லாம் சொல்றீங்க? நாங்க பாலிசி குடுத்தது காருக்கு. உங்க மேல ஏறனது கார் இல்லியே."

பேசிவிட்டு அவர் கவியாவின் ஸ்டேட்டஸைப் போட்டுக் காட்டினார். துண்டு சுற்றிய கையோடு சடையன் திரையில் சிரித்தான். சூடம் காட்டினான். ரூபாயை வாங்கி மடியில் செருகினான். "வலி இருக்கறவன் சிரிப்பானா? நீங்களே சொல்லுங்க. நஷ்டஈடு ஐநூத்தியொண்ணு அந்த எடத்துலயே வாங்கியாச்சி. கொறைன்னா அப்பவே சொல்லியிருக்கணும்."

நாசமாய்ப் போகிற வீடியோ. அதில் அவன் மேல் கார் ஏறுகிற காட்சியும் இருந்தது. அது கோப்பில் சேர்க்கப்படவில்லை, மங்கலாக இருக்கிறதாம்.

வழக்குப் போட்டார்கள். கம்பெனி ஒரு துப்பறிகிறவரை ஏவியது. தொப்பி வைத்த அந்த ஆள் ரமணாசிரமத்துப் பக்கம் வந்த வெளியூர்க்காரன் போலக் கழுத்தில் ருத்திராட்சம் போட்டுக்கொண்டு சடையன் பின்னாலேயே சுற்றினான். ஒரு நாள் வெள்ளையம்மாளால் கடையை விட்டு வர முடியவில்லை. பசி தாங்காமல் சடையன் ஒரு பொட்டலம் இட்லி வாங்கி, இடது கையால் தின்பதை யாரும் பார்க்கக் கூடாதென்று செங்கம் ரோட்டில் ஒரு சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றான். அடுத்த வாய்தாவில் அது படமாக வந்தது. அடியில் எழுதியிருந்தது: மனுதாரர் இடது கையால் நான்கு இட்லி சரளமாக உண்கிறார். தேறிவிட்ட உண்மையை மறைக்கவே மறைவிடத்தைத் தேர்ந்துள்ளார்.

"பீச்சாங் கையில சோறு தின்னு கூசிப்போய் குந்தியிருந்தாரு சார்" என்று வெள்ளையம்மாள் வக்கீலிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். கூச்சத்துக்கு மனுவில் தனிக் கட்டம் இல்லை என்று அவர் வருத்தப்பட்டார்.

ஏழாவது மாதம் மருத்துவக் குழுவின் முன்னால் நிற்கச் சொன்னார்கள். மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் படிவத்தைப் பார்த்து, தலை சீவ முடிகிறதா, குவளை தூக்க முடிகிறதா, எழுத முடிகிறதா என்று கேட்டார்.

"பழம் வெக்க முடியல சார். அதான் என் பொழப்பு."

"பழம் இந்த படிவத்துல இல்லப்பா." அவர் விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணா சரியாவும்னு எழுதியிருக்காங்களே?"

"ஆமாங்க சார்" என்றான் சடையன் சந்தோஷமாக. பாவி, உண்மையைச் சொன்னான்.

"அப்ப இது தற்காலிகம். தற்காலிகத்துக்கு நாங்க சர்டிபிகேட்டு குடுக்கறதில்ல. நிரந்தரமானதும் வாங்க."

வெளியே வந்து அருள்ராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆபரேஷன் செய்யப் பணம் வேண்டும். பணம் வர சர்டிபிகேட் வேண்டும். சர்டிபிகேட் வர ஆபரேஷன் செய்யாமல் இருக்க வேண்டும். சடையன் இதை இரண்டு தரம் விளக்கச் சொல்லிக் கேட்டான். புரிந்தபோது வீட்டுக்கு வந்து, வெறும் வயிற்றோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கே அந்தக் கதி.

வெள்ளையம்மாள் சும்மா இருக்கவில்லை. தோட்டையும் மூக்குத்தியையும் விற்றாள். கடையை அடமானம் வைக்கலாமென்றால், அது நான்கு கழியும் ஒரு தார்ப்பாயும். பிரகாஷிடம் தனியாகப் போய், ஆபரேஷனுக்கு மட்டுமாவது முன்பணம் தரச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டாள். "முன்னாடியே குடுத்தா எங்க மேல தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. தப்பு எங்க மேலதான், அது எனக்குத் தெரியும். ஆனா ஒத்துக்கிட்டா என் இன்கிரிமென்ட்டு போயிடும்" என்றார் அவர். அந்த மூன்றாவது மாடியில் யாரும் பேசிய ஒரே நேர்மையான வாக்கியம் அதுதான்.

ஒரு வருடம் முடிந்த மறுவாரம் மருத்துவக் குழு அவனை வாழ்த்தாத குறையாக நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்தது. ஊனம் முப்பத்தொரு சதவீதம்.

வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. கம்பெனி வக்கீலுக்கு உடம்பு சரியில்லை. கோப்பு கீழே இருக்கிறது. கார்த்திகை தீபத்துக் கூட்டத்தில் சாட்சியால் நீதிமன்றத்துக்கு வர முடியவில்லை. குறுக்கு விசாரணை நடந்த நாளில், "நீங்கள் வைத்த பழம் அழுகாத, தரமான பழம்தான் என்பதற்குச் சான்று உண்டா?" என்று கேட்டார் அந்த வக்கீல். "என் பொண்டாட்டி வித்த பழம்ங்க" என்றான் சடையன். "ஆக, சொந்தக்காரர் பழம்" என்று அவர் குறித்துக்கொண்டார். கார் எவ்வளவு வேகம், யார் ஓட்டினார், எதை மிதித்தார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இரண்டு வருடமும் இரண்டு மாதமும் கழித்துத் தீர்ப்பு வந்தது. கார் காராகவே இருந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். நான்காவது பழம் வைக்கத் தாமதித்ததற்காகக் கால்வாசியைக் கழித்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பானது போக, மிச்சத்தில் ஒரு வரி மட்டும் தெளிவாக இருந்தது: எதிர்கால அறுவைச் சிகிச்சைக்குத் தனியாக ஒரு தொகை. பணம் வந்தது. அன்று வெள்ளையம்மாள் மலையைப் பார்த்துத் தெருவிலேயே விழுந்து கும்பிட்டாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வேலூர் போனார்கள். நிபுணர் கையைத் திருப்பிப் பார்த்தார். விரலை நிமிர்த்தப் பார்த்தார். "ஒரு வருஷம்னு சொன்னேனே, எங்க போயிருந்தீங்க?" என்றார். "மூட்டு எல்லாம் இறுகிடுச்சி. இப்பத் தொறந்தா இருக்கறதும் போயிடும்."

வெள்ளையம்மாள் தீர்ப்பின் நகலை எடுத்து அவர் மேசை மேல் வைத்தாள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்குக் காப்பீட்டுத் துறையில் அனுபவம் போதாது. இரண்டு மாதத்தில் நற்றுணையிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. எதிர்கால அறுவைச் சிகிச்சை நடைபெறாதபடியால் அதற்கான தொகையை வட்டியுடன் திருப்பிச் செலுத்தவும், தவறினால் நடவடிக்கை. மூன்று மாடி ஏறினார்கள்.

"வாங்க சடையன், கை எப்படி இருக்குது?" என்று மலர்ந்தார் பிரகாஷ்.

"அப்படியேதான் சார் இருக்குது."

"நல்லது. மோசமாவல இல்ல?" அவர் கோப்பை இழுத்தார். "ஆபரேஷன் நடக்கலன்னு நாங்க கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டத வெச்சி ஃபைல முடிக்க முடியாது. நடக்கலன்னு நீங்க ஒரு சர்டிபிகேட்டு வாங்கிக் குடுத்துடுங்க."

"பண்ணா ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. பண்ணாததுக்கு யாரு சார் குடுப்பாங்க?"

"பண்ணாத ஆஸ்பத்திரிதான் குடுக்கணும்."

"எந்த ஆஸ்பத்திரியும் பண்ணலயே சார்."

"அப்ப எல்லா ஆஸ்பத்திரியிலயும் வாங்கணும்" என்றார் பிரகாஷ், கொஞ்சமும் சிரிக்காமல்.

வெள்ளையம்மாள் எழுந்தாள். இரண்டரை வருடமாக அடக்கியது எல்லாம் தொண்டைக்கு வந்தது. சடையனின் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கோப்பின் மேல் அந்தக் கையை அறைந்த மாதிரி வைத்தாள். விறைத்த விரல்கள் மேசையில் தட்டிச் சத்தம் எழுந்தது.

"இந்தாய்யா உன் சர்டிபிகேட்டு! ஆபரேசன் நடந்த கையா இது? பாரு. நல்லாப் பாரு. உன் சீல எடுத்து இது மேலயே குத்திக்கோ. நீ சோறு திங்கற கைய ஒருநாள் என்கிட்ட குடுத்துப் பாருய்யா, அப்பத் தெரியும் உனுக்கு. த்தூ!"

பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கினார்கள். பிரகாஷின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு முப்பது வருட சர்வீஸ் அவரைக் காப்பாற்றியது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கையை உள்ளங்கைப் பக்கம் பார்த்தார். மெதுவாகத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். தழும்பின் நீளத்தைப் பென்சிலால் அளந்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"ஒரிஜினல் சரியாதான் இருக்குது" என்றார். "ஆனா தலைமை அலுவலகத்துக்கு ஒண்ணு அனுப்பணும், இங்க ஃபைலுக்கு ஒண்ணு வேணும். ரெண்டு வேணுமேம்மா."

சொல்லிவிட்டு அவர் சடையனின் மடியைப் பார்த்தார். அங்கே இருந்த இடது கையைச் சடையன் மெல்ல எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.